ஆளையும் கொடுத்து சீரும் கொடுத்த முதலாளி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு, என் மகள் யாழினி பந்தை அடிக்க எழும்பினாள். எழும்பியது அழகாகத்தான் இருந்தது. இறங்கும்போது உடம்பு ஒரு பக்கமும் வலது முழங்கால் இன்னொரு பக்கமுமாக இறங்கியது. அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டு வரை கேட்டது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

அவள் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரு கம்பெனியின் வாலிபால் அணிக்கு ஆள் எடுப்பவர். அணியில் இடம், கூடவே வேலை. மறுநாள் சாயங்காலம் காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. யாழினியைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அவரைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். மறுபடி எப்போது ஆடலாம் என்று கேட்டேன். “முதல்ல மாடிப்படி ஏறட்டும்மா” என்றார். யாழினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கம்பெனிக்காரருக்கு அன்றும் மறுநாளும் போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

இத்தனைக்கும் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் அவளும் நானும் உட்கார்ந்து ஒரு படம் பார்த்திருந்தோம். விளையாட்டு வியாபாரத்தைப் பற்றிய படம். பெயர் வேண்டாம், அந்த வகையில் எல்லாம் ஒரே படம்தான். நொடித்துப்போன ஒரு கெட்டிக்காரர், யாரும் சீந்தாத ஒரு ஆட்டக்காரரை நம்பி எல்லாவற்றையும் பணயம் வைப்பார். கோட்டுப் போட்டவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் அதே ஆட்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். யாழினியும் கைதட்டினாள். “நம்புறதுக்கு ஒரு ஆள் கிடைச்சாப் போதும்மா” என்றாள். ஆட்டக்காரருக்கு முழங்கால் போயிருந்தால் அந்தக் கெட்டிக்காரர் என்ன செய்திருப்பார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி நாற்காலியில்தான் தோன்றியது. அதோடு முதலாளியின் ஞாபகமும் வந்தது.

விளையாட்டு அணி நடத்திய முதலாளிகளில், இந்த உலகத்திலேயே, ஆளையும் கொடுத்து சீரும் கொடுத்து அனுப்பியவர் அவர் ஒருவர்தான். அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளான எங்களைச் சேர்த்து ஒரு வாலிபால் அணி வைத்திருந்தார், ஆகவே முதலாளி. அமராவதிபுதூரில், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையும் உள்ள பெரிய வீட்டில் அவருக்கு ஒரு பங்கு. ஒற்றை ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாலு வயதுப் பிள்ளைகளான எங்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் மரியாதை குறையாது. “ஆச்சி, சர்வீஸ் போடுறீகளா, தண்ணி குடிச்சிட்டு வாரீகளா?”

வாலிபால் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பம். ஆட்டத்தையும் சரக்காகத்தான் பார்த்தார். “பந்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்காதீக. வந்த சரக்கை வந்த வேகத்துல அங்குட்டுத் தள்ளிவிடுங்க.” வாலிபாலில் இதைவிடச் சரியான யோசனை கிடையாது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அணிக்கு வருமானம் எதுவுமில்லை. வீடுதான் வருமானம். தஞ்சாவூர்ப் போட்டிக்கு மாடத்து விளக்குகள் விலைக்குப் போயின. திருச்சிப் போட்டிக்கு ஒரு ஜோடி தேக்குத் தூண். எங்கள் எல்லோருக்கும் ஷூ வாங்கியபோது இரண்டாம் கட்டின் கதவு போனது. என் காலில் இருந்தது தாழ்ப்பாள் பக்கம் என்று தோழிகள் சொல்வார்கள். மழைக்காலத்தில் முற்றத்துக்குள்ளேயே பயிற்சி. ஒருநாள் நான் அடித்த பந்து பட்டுப் பெல்ஜியம் கண்ணாடி சுக்குநூறானது. முதலாளி துண்டுகளைப் பார்த்தார். “நல்லதாப் போச்சு ஆச்சி. இத விக்க நான் கடைகடையா அலையணும்” என்றார்.

பங்காளிகள் சும்மா இருப்பார்களா? வீட்டைத் தின்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். தின்றது நாங்கள்தான். ஒரு முறை இறுதிப்போட்டிக்கு முன்னால் கல்யாணச் சமையல்காரரை வரவழைத்து விருந்து போட்டார். கந்தரப்பம், பால் பணியாரம், கவுனி அரிசி என்று இலை நிறைய. வேண்டாம் என்றால் மனசு ஒடிந்துபோவார். மைதானத்தில் எங்களால் நிற்க முடிந்தது, குதிக்க முடியவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம் தின்றுவிட்டு வந்த பெண்கள் எங்களைத் துவைத்துப்போட்டார்கள். முதலாளிக்கு ஒரே வருத்தம், ஜெயித்த பிள்ளைகள் வெறும் பழத்தோடு ஆடினார்களே என்பதுதான். அவர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இலை போட்டார்.

கஸ்தூரி எங்களில் சிறந்த ஆட்டக்காரி. அவளைச் சென்னையிலிருந்து ஒரு கிளப் கேட்டு வந்தது. வந்தவர் நாகரிகமாக, அவளை விட்டுக்கொடுப்பதற்கு முதலாளிக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது.

“பிள்ளையக் குடுக்கிற வீட்டுல வந்து என்ன வேணும்னு கேக்குறீகளே. நாங்கள்ல சீர் செய்யணும்?”

செய்தார். பித்தளைத் தவலை, தாம்பாளம், எனாமல் தூக்கு அடுக்கு, ஆளுயரக் குத்துவிளக்கு எல்லாம் கஸ்தூரியோடு ரயிலேறின. சென்னை விடுதியில் குத்துவிளக்கைச் சாத்த இடமில்லாமல் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அவள் தரையில் படுத்தாளாம்.

இன்னொருத்தி செல்வி. கீழச்சிவல்பட்டிக்காரி. கணுக்கால் உடைந்து, கோணலாகச் சேர்ந்தது. இனி ஆட முடியாது என்று ஆனது. இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோவில் வரி, பொதுக்காரியம் எல்லாம் புள்ளிக் கணக்குதான். இருவரில் ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரைப்புள்ளி. கல்யாணமே ஆகாத முதலாளி அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அதனால் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். ஆடுகிறவள் முழுப்புள்ளி. அடிபட்டு உட்கார்ந்தவள் அரைப்புள்ளி. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது.

செல்வி எல்லாப் போட்டிக்கும் வந்தாள். ஆடாத பிள்ளைக்கு வேனில் எதற்கு இடம் என்று ஒரு பங்காளி கேட்டார். “அரைப்புள்ளிய விட்டுட்டு எந்த ஊர்ல பந்தி நடக்குது?” என்றார் முதலாளி. செல்விக்கு ஜன்னலோர இடம்.

பழசை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். அந்தக் காலத்தில் போட்டி நடக்கும் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற மறைவிடம் இருக்காது. தோற்றால் ஒரு கேலி, ஜெயித்தால் இன்னொரு கேலி. எங்களில் யாரும் பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை. கஸ்தூரிகூட இரண்டு வருடத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள். முதலாளியின் பங்கில் விற்க எதுவும் இல்லை என்று ஆனபோது அணியும் நின்றது. அந்தப் படத்தின் கடைசியில், கம்பெனி இன்று எவ்வளவு பெரியது என்று எழுத்துப் போட்டார்கள். முதலாளி கதைக்கு எழுத்துப் போடுவதானால், நிலைக்கதவு இல்லாத வாசல்களில் சாக்குத் தொங்குகிறது என்றுதான் போட வேண்டும். படத்தில் அந்தக் கெட்டிக்காரரும் ஜெயிக்கப்போகிற ஒருத்தரைத்தான் நம்பினார். தோற்றவர்களை என்ன செய்வது என்று அதில் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கம்பெனிக்காரர் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்த நேரம். யாழினி சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடும் தொடாமல் இருந்தது. ஆஸ்பத்திரி அறைக்கதவு திறந்தபோது, முட்டாள்தனம்தான், நான் அவராக இருக்குமோ என்று எழுந்து நின்றேன்.

செல்வி நின்றாள், அதே கோணல் காலோடு. முந்தின நாள் போனில் அவளிடம் அழுதிருந்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முதலாளி. உடம்பு பாதியாகியிருந்தது. வேட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று. ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். செல்வி கையில் தூக்குச்சட்டி. அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய வாழையிலை.

காலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் என்று பார்க்க யாழினி திரும்பினாள்.

“உங்க அம்மா நம்ம டீம்ல முழுப்புள்ளி. இந்தா நிக்கிற செல்வி ஆச்சி அரைப்புள்ளி” என்றார். “இன்னையிலருந்து நீங்களும் அரைப்புள்ளி.”

யாழினி என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தேன்.

முதலாளி இலையை அவள் மடியில் விரித்து, கையால் நீவிவிட்டார்.

“நம்ம வீட்டுல அரைப்புள்ளிக்கும் எலை முழு எலைதான். சாப்பிடுங்க ஆச்சி.”