மெத்தையை இறுக்கப் போய்

கல்முனைக்குடி

அன்புள்ள றாஸிக் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் மாமி, உங்கள் தங்கை முஸ்பிறா, நான் மூவரும் நலம். என் முதுகு மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. கட்டார் வெயிலிலும் நீங்கள் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டால் மாமி என் போனை எடுத்துச் சத்தமாகப் போட்டுக் கேட்பா, அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. கலியாணத்துக்கு நீங்கள் தந்த மெத்தை சரியில்லை.

படுத்தால் நடுவில் குழி விழுகிறது. நான் கட்டட டிப்ளோமாக்காரன். பாரம் தாங்காததைத் திருத்தாமல் விட என்னால் ஏலாது. முதலில் பாயை விரித்துத் தரையில் படுத்தேன். விடிய அதைக் கண்ட மாமி குசினியில் விசாரணை தொடங்கிவிட்டா. "ஏன் புள்ள, மருமகன் கீழ படுக்காரு? என்ன சண்ட?" "சண்ட ஒண்டும் இல்ல உம்மா, முதுகு நோவாம்." "ஊடும் குடுத்து, கட்டில் மெத்தயும் குடுத்து, மாப்புள பாயில படுத்தா ஊரு என்ன கதைக்கும்?" மெத்தைதான் பிழை மாமி என்று நான் சொன்னதும் அழுதுவிட்டா. மெத்தையைக் குறை சொன்னால் வீட்டையே குறை சொன்னதாம். எனக்கு விளங்கவில்லை. மெத்தை வேறு, வீடு வேறு அல்லவா?

ஆகவே சத்தமில்லாமல் திருத்த நினைத்து, கல்முனை பஜாரில் பிளைவூட் பலகை வாங்கி, முச்சக்கர வண்டியின் மேல் கட்டிக்கொண்டு வந்து, கட்டில் சட்டத்தில் போட்டு, அதன்மேல் மெத்தையைப் போட்டால் குழி அப்படியே இருக்கிறது. பிழை கீழே இல்லை, மேலே. உறையைத் திறந்து, மேல் ஸ்பொஞ்சை உருவி எடுத்துவிட்டு, இறுகலான தென்னந்தும்பு மெத்தைத் துண்டொன்றைத் திணித்தேன். உறை மூடவில்லை. முழங்காலால் அழுத்தி இழுத்தேன், சிப் கையோடு வந்தது. சாக்கு ஊசியால் தைத்தேன். மெத்தை இறுகியது உண்மை. ஆனால் குழி இருந்த இடத்தில் இப்போது மேடு. முஸ்பிறா ஒரு பக்கம் உருளுகிறாள், நான் மறுபக்கம்.

இதற்கிடையில் பலகை இறங்கியதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பரீனா ராத்தா, மருமகன் அறையை இரண்டாகத் தடுக்கிறார் என்று பரப்ப, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மரைக்காயர் பளீல் ஹாஜியார் சமாதானம் பேச வந்துவிட்டார்.

"தம்பி, கலியாண வாசம் இன்னும் போகல்ல, அதுக்குள்ள அறைக்குத் தடுப்பா?"

"தடுப்பு இல்ல ஹாஜியார், மெத்தைக்கு."

"மெத்தைக்கும் தடுப்பா?"

"ஒருக்காப் படுத்துப் பாருங்க" என்றேன். படுத்தார். பின்னேரம் அஸர் பாங்குக்குத்தான் எழும்பினார். தாடியைத் தடவி, "மெத்தையில குறை இல்ல. குறை ஆக்கள்லதான் இரிக்கி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மாமி கொடுத்த வட்டிலப்பத்தையும் முடித்துப் போனார். அன்றிலிருந்து மாமி என்னோடு கதைப்பதில்லை.

மச்சான், நீங்கள் மாமியிடம் ஒன்று சொன்னால் போதும். எனக்கும் முஸ்பிறாவுக்கும் ஒரு சண்டையும் இல்லை. பிழை மெத்தையைத் தெரிவு செய்த ஆளில். கோபிக்க வேண்டாம், ஆனால் பூப் போட்ட உறைக்கு மயங்கி மெத்தை எடுக்கிறவருக்குப் புத்தி மட்டு.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல லீவையும் நோகாத முதுகையும் அல்லாஹ் தருவானாக. வஸ்ஸலாம்.

மச்சான் பஸால்

பின்குறிப்பு: நான் தொழுதுவிட்டு வருவதற்குள் முஸ்பிறா இதை வாசித்துவிட்டாள். நீங்கள் காசு மட்டும்தான் அனுப்பினீர்களாம். கடையில் எல்லா மெத்தையிலும் குந்திப் பார்த்து எடுத்தது அவளாம். "புத்தி மட்டானவளோட என்னத்துக்குப் படுக்கீங்க? உங்கட பலகையோடயே படுங்க" என்று தலையணையோடு மாமியின் அறைக்குப் போய்விட்டாள். தான் சொன்னது சரிதான் என்று மாமிக்கு ஒருவகை நிம்மதி. ஆகவே, சண்டை இல்லை என்று நான் எழுதியதை மாமியிடம் சொல்ல வேண்டாம். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. முழு மெத்தையும் இப்போது எனக்குத்தான். நடுவில் படுத்துப் பார்த்தேன், முதுகு நோகவில்லை. ஆனால் நித்திரை வருகுதில்லை மச்சான். இது எந்த இடத்துப் பிழை என்று எனக்குப் பிடிபடவேயில்லை.