தடுப்பூசியும் தாய்மாமன் இழவும்

அம்பொன்சா ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளிக்கூடம் திறக்கட்டும். பீர்க்கடை திறக்கட்டும். தேவாலயம்கூடத் திறக்கட்டும், கடவுள் மேல் அவருக்குக் கோபமில்லை. இழவுப் பந்தல் மட்டும் திறக்கவே கூடாது.

குமாசி நகரில் ஒருவர் எந்தக் கிழமை செத்தாலும் இழவு சனிக்கிழமைதான். மனைவி போக்குவாவின் குடும்பமோ ஆலமரம். வாரம் ஓர் இலையாவது உதிரும். கொரோனாவுக்கு முன்னால் அம்பொன்சாவின் சனிக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. சிவப்பும் கறுப்புமாகத் துணி போர்த்திக்கொண்டு, பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும் வலது கோடியிலிருந்து கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சாயங்காலம் மனைவியின் சித்திகளோடு ஆட வேண்டும்.

கொரோனா வந்தது. கூட்டம் கூடாதே என்றது அரசாங்கம். அம்பொன்சா வெளியே வருத்தப்பட்டார். உள்ளே அவருக்குத் தீபாவளியே வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நண்பன் பாஃபோவின் டயர் கடை வாசலில், வேப்பமர நிழலில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு டாமே ஆடினார். அந்தக் கட்டைக்காய் ஆட்டத்தில் அந்தத் தெருவிலேயே அவரை வெல்ல ஆளில்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

இப்போது தடுப்பூசி வந்து தொலைத்தது. ஊரே இரண்டுபட்டது. திறக்கலாமா, கூடாதா? சந்தையிலும் மினிபஸ்ஸிலும் இதே பேச்சு. எல்லா வழக்கும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் வானொலியில் வரும் 'காலைச் சேவல்' நிகழ்ச்சி. அதற்குத் தினமும் போன் போட்டு வாதாடுகிறவர்களில் முதல்வர் நம் அம்பொன்சா. 'குமாசியின் கோடாரி' என்பது அவருக்கு நேயர்கள் கொடுத்த பட்டம்.

போக்குவாவுக்கும் இதில் அவசரம் இருந்தது. அவளுடைய தாய்மாமன் டொங்கோர் இறந்து மாதக்கணக்காகிறது. பிணவறைக் குளிரில் காத்திருந்தார்.

"இருபத்தஞ்சு பேரை வச்சுப் புதைக்கலாம்னு அரசாங்கமே சொல்லுதே, முடிச்சிடலாமே" என்று அம்பொன்சா ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு பேரா? எங்க மாமா என்ன கோழிக்குஞ்சா, பள்ளம் தோண்டி மூடிட்டு வர? திறக்கட்டும். ஊரே வந்து அழட்டும்."

திறந்தால் டாமே போச்சு. திறக்காதே என்றால் மனைவி விடமாட்டாள். அம்பொன்சா மூளையைக் கசக்கினார். மறுநாள் காலை போனை எடுத்தார்.

"கோடாரி பேசறேன்!"

"சொல்லுங்க கோடாரி, திறக்கலாமா கூடாதா?" என்றார் நிகழ்ச்சி நடத்தும் கிங்ஸ்லி.

"ரெண்டுமில்ல! ஊசி போட்டவன் இழவுக்குப் போகட்டும். போடாதவன் வீட்ல இருந்து அழட்டும்!"

"அப்போ நீங்க?"

"நான் நாப்பத்தாறு வயசு, திடமான ஆளு. என் முறை வர வருஷக் கடைசி ஆகும். நெஞ்சு வெடிக்குது கிங்ஸ்லி. ஆனாலும் நாட்டுக்காக வீட்லயே கிடப்பேன்!"

கிங்ஸ்லி நிலையத்திலிருந்தே கைதட்டினார். மத்தியானத்துக்குள் மினிபஸ் நடத்துநர்கள் அந்த வாசகத்தைச் சொல்லிச் சொல்லி ஆள் ஏற்றினார்கள். அம்பொன்சா தெருவில் நடந்தபோது கால் தரையில் படவில்லை.

அந்த வாரமே அரசாங்க அறிவிப்பும் வந்தது. திறந்த வெளியில், இடைவெளி விட்டு, இழவு நடத்தலாம். சாயங்காலம் போக்குவாவின் குடும்பத் தலைவர் நானா சார்போங் போனில் வந்தார்.

"மாப்பிள்ளை, ரேடியோல கேட்டேன். உங்க வார்த்தைதான் இனி நம்ம குடும்பத்துச் சட்டம். ஊசி போடாதவனுக்குப் பந்தல்ல நாற்காலி கிடையாது!"

"உங்க பெருந்தன்மை, நானா" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார் அம்பொன்சா. சந்தோஷத்தில் தழுதழுத்தாலும் அதே மாதிரிதான் கேட்கும்.

போக்குவா நிலக்கடலைக் குழம்பில் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஏங்க, எனக்கு ஆஸ்துமா இருக்கறதால முதல் வரிசைலயே ஊசியாம். நாளைக்குப் போறேன்."

"போயிட்டு வா. மாமாவை நல்லபடியா அனுப்பி வை. எனக்குத்தான் குடுத்து வைக்கல."

"ஏன்? நீங்களும் முதல் வரிசைதான்."

"நானா?"

"வியாதி இருக்கறவங்களுக்கு முதல்ல போடறாங்க. உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கே."

அம்பொன்சாவுக்கு மீன் தொண்டையிலேயே நின்றது. பிரஷர் என்பது அவருக்கும் உலக்கைக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு. ஃபுஃபு என்கிற கிழங்குக் களியை இடிக்கும்போது மனைவி உரலில் மாவைத் திருப்பிப் போடுவாள், புருஷன் உலக்கை போட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒருநாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "டாக்டர் பிரஷர்னுட்டாரு" என்று உட்கார்ந்தார். அன்றிலிருந்து போக்குவா அக்கம்பக்கத்துப் பையன்களைக் கெஞ்சி இடிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இருக்கிறது என்றால் ஊசி, ஊசி என்றால் பந்தல். இல்லை என்றால் உலக்கை.

"அது... இப்போ கொஞ்சம் தேவலாம் போக்குவா."

"தேவலாமா? அப்போ இன்னிக்கு இடிக்கறீங்களா?"

"ஐயோ, தலை சுத்துது."

"பாத்தீங்களா, நாளைக்குக் காலைல ரெடியா இருங்க."

ஊசி முகாமில் செவிலியர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடி அடித்தார்.

"யார் சொன்னா பிரஷர்னு? பச்சைக் குழந்தை கணக்கா இருக்கு. உங்க முறை இப்போ இல்ல, வீட்டுக்குப் போங்க."

அம்பொன்சாவுக்கு உயிர் வந்தது. உலக்கை போனால் போகட்டும், சனிக்கிழமை பிழைத்தது! எழுந்தார். போக்குவா முகத்தில் ஆச்சரியத்தின் சாயல்கூட இல்லை. அவள் செவிலியர் பக்கம் குனிந்து சொன்னாள்:

"இவர் யாருன்னு தெரியலையா சிஸ்டர்? குமாசியின் கோடாரி."

"நீங்களா!" செவிலியர் எழுந்தே விட்டார். "எங்கம்மா ஊசியே வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. நீங்க பேசினதக் கேட்டுத்தான் வந்து போட்டுக்கிட்டாங்க!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "அட, கோடாரியா!" ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். அம்பொன்சாவின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது.

"திறந்த குப்பியில ஒரு ஆளுக்கான மருந்து மிச்சம் இருக்கு சார். வரவேண்டியவர் வரல. சாயங்காலத்துக்குள்ள போடலன்னா கொட்டணும். உங்களுக்குப் போடறது எனக்குப் பெருமை."

"அதெல்லாம்... நாட்டுல எத்தனையோ பேரு..."

"என்ன தன்னடக்கம் பாருங்க!" என்றார் கிழவர். வரிசை கைதட்டியது. உலகத்தில் எதை வேண்டுமானாலும் மறுக்க அம்பொன்சாவால் முடியும், கைதட்டலை மட்டும் முடியாது. சட்டைக் கையைத் தானே சுருட்டினார்.

திரும்பி வரும் வழியில் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு பிரஷர் இல்லன்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க நெஞ்சுல வலது பக்கத்தப் புடிச்சீங்களே, அன்னிலேருந்து."

சனிக்கிழமை டொங்கோர் மாமாவின் இழவு ஊர் மெச்ச நடந்தது. போக்குவா தன் கையால் தைத்த புதுத் துணியில் அம்பொன்சா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை கொடுக்கும் வழக்கம் முழங்கை இடிப்பாக மாறியிருந்தது, முந்நூறு முழங்கை, பெரும்பாலும் ஊசி போட்ட கிழட்டு முழங்கை. நானா சார்போங் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னதும் பந்தலே எழுந்தது. அம்பொன்சாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. நிஜமான பெருமை அது. பாஃபோவையும் டயர் கடையையும் அவர் அந்தக் கணத்தில் மறந்தே போனார்.

"எங்க வீட்டுக்காரர்" என்று போக்குவா சித்திகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலிலும் நிஜமான பெருமை இருந்தது. பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, பிணவறைல நம்ம சொந்தக்காரங்க இன்னும் ஒன்பது பேர் காத்துட்டிருக்காங்க. ஊசி போட்ட மாப்பிள்ளை நம்ம குடும்பத்துல நீங்க ஒருத்தர்தானாம், ஒன்பதுக்கும் நீங்கதான் முன்வரிசை. அதனால சனிக்கிழமைல இடிக்க நேரமிருக்காது. உலக்கைய வெள்ளிக்கிழமைக்கு வச்சுக்கலாம்."