ஒரே சவாரிக்கு ஏழு வண்டி

போனக்காவை வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு டாக்சி போதும். வாசலில் இரண்டாவது டாக்சியும் வந்து நின்றபோது ஈவினிங் கம்ப்யூட்டர் திரையை மறுபடியும் பார்த்தான்.

பகலில் டாக்சி ஆபீஸ், பொழுது சாய்ந்தால் கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவனுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் அது. செல்போனுக்குப் பொத்தான்களும் கம்ப்யூட்டருக்குப் பெரிய முதுகும் இருந்த காலம். ஆபீஸ் என்பது டயர் கடை மாடியில் இரண்டு அறை. படியேறும்போதே ரப்பர் வாசனை வரவேற்கும். உள்ளறையில் முதலாளி. வெளியறையில் போனக்கா, அவள் முன்னால் டெலிபோன்களும் ஒரு மைக்கும்.

யாராவது வண்டி கேட்டால் மைக்கைப் பிடித்து, "மார்க்கெட் பக்கம் யாருடா இருக்கீங்க?" என்பாள். ஏழு டிரைவர்களும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தச் சந்தைக் கூச்சலில் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு, "போதும், மத்தவனெல்லாம் வேலையைப் பாருங்க" என்பாள். உடனே கப்சிப்.

அந்தப் 'போதும்'தான், அவளுக்குப் பதிலாக வண்டிகளைக் கூப்பிட ஈவினிங் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் அவனைத் தூங்கவிடாத இடம். சவாரி வந்தால் ஏழு பேருக்கும் ஒன்றாக மெசேஜ் போகும். முதலில் பொத்தானை அழுத்தியவனுக்குச் சவாரி, மற்ற ஆறு பேருக்கும் 'வேண்டாம்' என்று பதில். வைத்த கெடுவுக்குள் யாரும் வராவிட்டால் அந்தச் சவாரியை அதோடு கைகழுவிவிட வேண்டும். "வேலையைக் கிளப்பிவிட யாராலயும் முடியும். பாதியில திருப்பிக் கூப்பிடத் தெரியணும், அதுதான் புரோகிராம்" என்று வகுப்பு வாத்தியார் சொல்லியிருந்தார். எழுதி முடித்த பிறகும் தினம் ஒரு தடவை முதலிலிருந்து படித்துப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கும். அதுவே அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பும்.

போனக்கா வேறு ஊரில் மகளோடு இருக்கப் போகிறாள். ஆபீசில் இன்று அவளுக்குக் கடைசி நாள். காலியாகும் நாற்காலிக்கு முதலாளி ஒரு பரீட்சை வைத்தார்.

"அக்கா இன்னிக்கு வீட்டுக்குப் போற வண்டியை உன் புரோகிராம் கூப்பிடட்டும். ஒழுங்கா வந்தா இந்த மேசை உனக்கு. இல்லேன்னா என் மச்சினன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வச்சுக்கிட்டுக் காத்திருக்கான்."

மச்சினன் வந்தால் ஈவினிங்குக்கு இங்கே வேலை இருக்காது, வகுப்பும் போகும். வேறெந்த ஆபீசிலும் சாயங்காலம் ஆனதும் ஆளை விடமாட்டார்கள்.

மூன்றாவது வண்டி வந்தது.

"ஏன்டா, நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றாள் போனக்கா, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து.

"வேண்டாம்னு மெசேஜ் போயிருக்கு அக்கா. போனதாத்தான் காட்டுது."

"கெடு வச்சிருக்கேன்னு சொன்னியே?" முதலாளி உள்ளேயிருந்து கேட்டார்.

"வச்சிருக்கேன் முதலாளி."

"நல்லா கெடுத்து வச்சிருக்கே."

ஈவினிங் நகத்தைக் கடித்தான். ஒருவேளை 'வேண்டாம்' என்பது கெஞ்சுவதுபோல் இருக்கிறதோ? கொஞ்சம் அதட்டலாக இருந்தால் கேட்பார்களோ? அதை அழித்துவிட்டு 'நிறுத்து' என்று அடித்து எல்லோருக்கும் அனுப்பினான்.

உடனே டெலிபோன் அலறியது. ஒரு பெண்மணி, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினாள். "பல் டாக்டர்கிட்டேருந்து வந்துக்கிட்டிருக்கேன். உங்க டிரைவர் பாலத்து நடுவுல வண்டியை நிறுத்திட்டு ஆபீஸ் உத்தரவுங்கறார். பின்னால எல்லாரும் ஹார்ன் அடிக்கறாங்க."

போனக்கா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். "அவன்கிட்டக் கொடும்மா. டேய் குட்டை, வண்டியை எடுடா. இல்லே, நிறுத்துன்னா அந்த நிறுத்து இல்லே."

ரிசீவரை வைத்துவிட்டு ஈவினிங்கைப் பார்த்தாள். "தம்பி, பதறாதே. நான் வந்த புதுசுல ஒரு கல்யாண கோஷ்டியை மார்ச்சுவரிக்கு அனுப்பினவ."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கு அழுகை வந்தது. வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க அவனை ஜன்னலோரம் உட்காரவிட்டு, முதலாளி கேட்டால் "கணக்குப் பார்க்கறான்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னவள் அவள். அவளுக்கு ஒரு வண்டியை ஒழுங்காக வரவழைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்."

மைக்கைக் காலையிலேயே கழற்றியாகிவிட்டது. செல்போனில் ரிவர்ஸ் என்ற டிரைவரைக் கூப்பிட்டாள். "டேய், போதும், நீ உன் வேலையைப் பாரு."

"அக்கா, கேக்கலக்கா. இங்கே டவர் இல்லே."

அந்தக் குரல் போனிலும் கேட்டது, மாடிப்படிக்குக் கீழேயும் கேட்டது.

இனி ஒரே வழிதான். தாய் வேலையை ரத்து செய்தால் அதிலிருந்து கிளம்பிய பிள்ளை வேலைகள் தானாக நின்றுவிடும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஈவினிங் வேர்த்த விரலால் தாயைத் தேடிப் பிடித்து ரத்து செய்தான். அது போனக்கா சவாரியின் தாய் இல்லை, அன்றைய மாலைச் சவாரிகள் அத்தனைக்கும் தாய்.

எல்லா டெலிபோன்களும் ஒன்றாக அடித்தன. உள்ளறையில் முதலாளியின் செல்போனும் அடித்தது. கொஞ்ச நேரம் "சரிம்மா, சரிம்மா" என்ற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவரே வெளியே வந்தார்.

"என் வீட்டுக்காரியை ரத்து பண்ணது யாருடா?"

ஈவினிங் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"தையல் கடை வாசல்ல மூட்டையோட நிக்கறா. வண்டி வராதுன்னு மெசேஜ் வந்துச்சாம். இத்தனை வருஷத்துல எனக்கே அந்தத் தைரியம் வந்ததில்லே."

இதற்குள் சவாரி இல்லாமல் போன வண்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. ஏழு டாக்சிகளும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. குட்டையின் வண்டியில் பல் டாக்டர் பெண்மணியும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். டயர் கடைக்காரர் கீழேயிருந்து, "ஏம்ப்பா, ஊர்வலமா இது?" என்று கத்தினார்.

முதலாளி மச்சினனின் நம்பரை அழுத்த ஆரம்பித்தார். ஈவினிங் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மேசையிலிருந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான். எந்த வரியில் தப்பு என்று கடைசிவரை தெரியவில்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

அப்போது போனக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு போக ஸ்டெப்னி மேலே வந்தான். யாராவது டிரைவர் லீவு போட்டால் மட்டும் வண்டி ஓட்டக் கிடைப்பவன், அதனால் அந்தப் பெயர்.

"ஏன்டா, உங்க போனுக்கெல்லாம் வேண்டாம்னு மெசேஜே வரலையா?" என்றார் முதலாளி, நம்பரைப் பாதியில் விட்டுவிட்டு.

"வராம என்ன முதலாளி, முதல் தடவையே எல்லாருக்கும் டாண்ணு வந்துச்சு" என்றான் ஸ்டெப்னி. "அக்காவோட கடைசிச் சவாரியைப் போயி வேண்டாம்னா, எவன் கேப்பான்?"