என் கணவர் எனக்குக் கொடுத்த நோட்டீஸ்

ஓய்வுபெற்ற மறுநாள் காலை, இனிமேல் சுதந்திர மனிதனாக வாழ்வது என்று என் கணவர் ஆர்லன் முடிவெடுத்தார். ஒஹையோவில் இருந்த வீட்டை விற்றோம். சுதந்திரம் இருபத்தெட்டு அடி நீளமும் எட்டு அடி அகலமும் இருந்தது. சக்கரத்தில் ஓடும் வீடான அந்தக் கேரவனைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினோம். மூன்று வருடமாக அதில்தான் குடித்தனம்.

ஆர்லன் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். எழுதி வைக்காத எதையும் நம்பமாட்டார். எழுதியிருந்தால் எதையும் நம்புவார். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள சுற்றுலா முகாம்கள் அவருக்கு ஆகாது. அரசாங்கக் காட்டுக்குள் மண்சாலையில் ஆறு மைல் போவார். பைன் மரத்தடியில் கேரவனை நிறுத்துவார். ரசமட்டம் வைத்து நாலு மூலையும் சரிபார்ப்பார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பார்த்தியா கொலீன், கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஆள் இல்ல" என்பார். அவருக்கு அது வரம். எனக்கு அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று கேட்கக்கூட ஆளில்லாத இடம்.

காட்டில் ஓரிடத்தில் பதினாலு நாள்தான் தங்கலாம் என்பது சட்டம். மற்றவர்கள் பதினாறு, பதினேழு என்று இழுப்பார்கள். ஆர்லன் ஒரு நோட்டில் தினமும் காலையில் ஒரு கோடு போடுவார். பதினாலு கோடு விழுந்துவிட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் கிளம்பியாக வேண்டும். மூன்று வருடத்தில் நான் ஒரு நூலகத்திலும் அட்டை வாங்கவில்லை. முடிவெட்டும் பெண் என் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வதற்குள் மாநிலமே மாறிவிடும்.

இந்த ஜூன் மாதம், கொலராடோவில், பன்னிரண்டாவது கோடு விழுந்த அன்று என் கடைவாய்ப்பல் உடைந்தது. ஆர்லன் தம் கையாலேயே உப்புப் போட்டு உலர்த்திய மான்கறியைக் கடித்ததுதான் காரணம். அது கறியா, செருப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து ஊர்ப் பல் டாக்டரம்மா வேரைச் சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்துவிட்டார். ஜூலை ஆறாம் தேதி ஒரு தடவை, பதினேழாம் தேதி கேப் போட ஒரு தடவை வரச் சொன்னார். நடுவில் விட்டால் பல் போய்விடும் என்றும் சொன்னார்.

வண்டியில் ஏறியதும் ஆர்லனிடம் தேதிகளைச் சொன்னேன்.

"நாளன்னிக்குக் கிளம்பறோமே" என்றார்.

"பல்லு?"

"அடுத்துப் போற யூட்டால பல் டாக்டரே இல்லையா?"

"வேரை இங்க சுத்தம் பண்ணிட்டு, கேப்பை யூட்டால போடச் சொல்றியா? பல்லு என்ன தபாலா, அட்ரஸ் மாத்தி அனுப்ப?"

"பதினாலு நாள், கொலீன். நான் எழுதின சட்டமில்ல."

"நீ எழுதியிருந்தா பத்து நாளா இருந்திருக்கும்."

அவர் வண்டியைக் கிளப்பினார். பத்து நல்ல எண்தான் என்று யோசித்திருப்பார்.

மறுநாள் வனத்துறை ரேஞ்சர் யோலாண்டா ஜீப்பில் வந்தார். ஆர்லன் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார், மார்க்கு அட்டையைக் காட்டப் போகிற பையன் மாதிரி. தம் கோடுகளைக் காட்டினார். அப்படியே, இருநூறு அடி தள்ளிப் பழைய பஸ்ஸில் குடியிருந்த டுவேனுக்காகத் தாமே போட்டு வைத்திருந்த கோடுகளையும் காட்டினார். டுவேனுக்கு அன்று பதினேழு. யோலாண்டா பெருமூச்சு விட்டு, டுவேனுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஏரிக்கரை முகாமுக்குப் பொறுப்பாளர் இல்லாம நானே அங்கயும் இங்கயும் ஓடிட்டிருக்கேன்" என்று அலுத்துக்கொண்டார். "இருந்தவர் இடுப்பு பிடிச்சு ஊருக்குப் போயிட்டார். செப்டம்பர் கடைசி வரைக்கும் ஆள் வேணும். இடம், கரண்ட், தண்ணி எல்லாம் கொடுக்கறோம்."

செப்டம்பர் கடைசி. என் உடைந்த பல் ஒரு தடவை துடித்தது. அன்று காலை சுட்ட லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் நாலை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஜீப் வரைக்கும் போனேன்.

"ஆர்லனைக் கேட்டா மாட்டேன்னுடுவார்" என்றேன். "டுவேனைப் போடப் போறதா சொல்லுங்க."

"டுவேனையா? இப்பத்தானே அவருக்கு நோட்டீஸ் கொடுத்தேன்?"

"அதனாலதான் சொல்றேன்."

யோலாண்டா ஒரு சுருளைக் கடித்தார். மென்று முடிக்கும்வரை என்னையே பார்த்தார். பிறகு ஆர்லனிடம் திரும்பி நடந்தார்.

"டுவேன் சும்மாதான் இருக்கார். முகாமை அவர்கிட்டயே விட்டுடலாமான்னு பார்க்கறேன்."

"எந்த டுவேன்? பதினாலு வரைக்கும் எண்ணத் தெரியாத டுவேனா?"

"பழகிப்பார்."

"அவன் சட்டையில பேட்ஜா?"

"வேற யாரிருக்கா, ஆர்லன்? நீங்க சுதந்திரமா சுத்தறவர். உங்களை ஒரு இடத்துல கட்டிப்போட எனக்கு மனசு வராது."

"நான் எப்ப சுத்தணும்னு சொன்னேன்?" என்றார் ஆர்லன். சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேனோ என்று என் பக்கம் பார்த்தார். பல்வலிக்காரி நான், கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

"எட்டுக் கழிவறை இருக்கு. தினமும் காலைல கழுவணும்" என்றார் யோலாண்டா.

"அதையெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

அந்த 'நாங்க' எனக்கு முப்பத்துநாலு வருடப் பழக்கம். நாங்க வீடு மாத்தினோம் என்றால் பெட்டி கட்டியது நான். நாங்க நாற்பது பேருக்கு விருந்து வெச்சோம் என்றால் அவர் நாற்காலி போட்டார். ஒப்பந்தத் தாளில் ஆர்லன் பெயருக்குக் கீழே இரண்டாவது ஆளுக்கு ஒரு வரி காலியாக இருந்தது. தலை வலிக்கிறது, கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றேன். அந்த நாளை வரவேயில்லை.

ஜூன் பத்தொன்பதாம் தேதி ஏரிக்கரைக்கு வந்தோம். ஆர்லனுக்குப் பச்சைச் சட்டை, பேட்ஜ், ஒரு குட்டி வண்டி, கையளவு விதிப்புத்தகம், எட்டுப் பிரஷ். ஒரு மணி நேரத்தில் முகாமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. நாய்ச் சங்கிலியை டேப் வைத்து அளந்தார். அடுப்புக் குழியை அளந்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி, அவர் கட்டிய தூளி மரத்துக்கு எத்தனை அங்குலம் வலி கொடுக்கிறது என்று விளக்கினார். மனிதர் சந்தோஷமாக இருந்தார். கழிவறை கழுவுகிற காலை ஆறு முதல் எட்டரை வரை மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் காலை முகம் வெளிறிப் போய் வந்தார்.

"கொலீன், இன்னிக்கு மட்டும் ஆளுக்கு நாலு."

"எனக்குச் சட்டை இல்லியே."

"பிரஷ் பிடிக்கச் சட்டை எதுக்கு?"

"ஏழாம் பக்கம் பாரு. பச்சைச் சட்டை போடாதவங்க அரசாங்கச் சாமானைத் தொடக்கூடாது. பிரஷ் அரசாங்கச் சாமான்."

புரட்டினார். அப்படியேதான் இருந்தது. "நல்ல விதிதான்" என்றார் பாவம், அழாக்குறையாக. "அப்ப கையெழுத்துப் போட்டு ஒரு சட்டையை வாங்கிக்கோயேன்."

"பார்க்கலாம்."

இதற்குள் டுவேனும் பஸ்ஸோடு வந்து மூன்றாம் எண் இடத்தில் இறங்கியிருந்தார். காட்டுக் கணக்கு வேறு, முகாம் கணக்கு வேறு. அதனால் அவரைத் தடுக்க வழியில்லை. ஆனால் நோட்டீஸ் வாங்கிய மனிதர் திருந்திவிட்டார். அவரும் ஒரு நோட்டு வாங்கியிருந்தார். அதில் தம் கோடுகள் ஒரு பக்கம், எங்கள் கேரவனின் கோடுகள் ஒரு பக்கம்.

"ஆர்லன், பலகைல பொறுப்பாளர்னு உங்க பேர் மட்டும்தானே இருக்கு?" என்றார் ஒரு நாள், மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடியே.

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப உங்க வீட்டம்மா யாரு?"

"யாருன்னா? என் மனைவி."

"மனைவிங்கறது சரி. முகாம் கணக்குல யாரு? எங்களை மாதிரி வந்து தங்கறவங்கதானே? அவங்களுக்கு இன்னிக்கு ஒம்பதாவது நாள்."

ஆர்லன் உள்ளே வந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பதினோராம் பக்கத்தில் நின்றார். முதலில் முகம் சுண்டியது. பிறகு மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். லிஃப்ட் கம்பியில் ஒரு பிசிறு கண்டுபிடித்தால் வருகிற சிரிப்பு. அன்றிலிருந்து சட்டை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. காலையில் வாளியோடு போகும்போது சீட்டியடித்தார்.

ஜூலை இரண்டாம் தேதி சாப்பாடு முடிந்ததும் காப்பியை அவரே போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமான பிறகு இது நாலாவது தடவை. மேஜையில் மூன்று பொருள்களை வரிசையாக வைத்தார்: அழகாக நிரப்பிய ஒரு நோட்டீஸ், ஒப்பந்தத் தாள், என் அளவில் ஒரு பச்சைச் சட்டை.

"உட்காரு, கொலீன். பதினோராம் பக்கம் சொல்றதைச் சொல்றேன். ஒப்பந்தத்துல பேர் இல்லாதவங்க யாரா இருந்தாலும் முப்பது நாள்ல பதினாலு நாள்தான் இங்க தங்கலாம். இன்னியோட உனக்குப் பதினாலு. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள வெளியேறணும்."

"என்னையா வெளியேத்தற?"

"நான் இல்ல. புத்தகம்." குரலைத் தேனாக்கினார். "இல்லேன்னா இந்தா பேனா. ரெண்டாவது வரி. சட்டையப் போட்டுக்கோ, காலைல ஆளுக்கு நாலு. நாளன்னிக்கு ஜூலை நாலு, சுதந்திர தினம், முகாம் பூரா ஜனம் வரும். என்னால தனியா முடியாது."

நோட்டீஸை எடுத்துப் படித்தேன். பெயர், தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. வாகன எண்ணைக்கூட விடவில்லை.

"எழுத்து நல்லா வந்திருக்கு. எத்தனை நாள் வெளிய இருக்கணும்?"

"பதினாறு நாள். அதனாலதான் சொல்றேன், கையெழுத்து..."

"அப்ப பத்தொன்பதாம் தேதி வரேன்" என்றேன். படுக்கைக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்தேன். அது கட்டித் தயாராக இருந்தது.

பதினோராம் பக்கத்தை நான் ஜூன் பத்தொன்பதாம் தேதியே படித்திருந்தேன். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் அடிக்குறிப்பிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து நான் எந்தப் புத்தகத்தையும் கீழிருந்துதான் படிக்கிறேன். ஏரிக்கரைக்கு வந்த அன்று சாயங்காலமே பல் டாக்டரம்மா வீதியில், அவருடைய வாசலுக்கு நேர் எதிரே உள்ள விடுதியில், பெரிய குளியல்தொட்டி இருக்கிற அறையாகப் பார்த்து ஜூலை மூன்று முதல் பதினாறு நாளுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வருடமாக இரண்டு நிமிடத்தில் குளிக்கிறேன். தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும் என்று கதவுக்கு வெளியே நின்று ஆர்லன் எண்ணுவார்.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்குப் பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றினேன்.

"வண்டியையும் எடுத்துட்டுப் போறியா?"

"நோட்டீஸ்ல வண்டி நம்பரும் போட்டிருக்கியே. உனக்குத்தான் குட்டி வண்டி இருக்கு."

"கொலீன், பேசாம அதைக் கிழிச்சுடலாமா? நமக்குள்ள என்ன?" என்றார், குரலைத் தாழ்த்தி.

மூன்றாம் எண்ணிலிருந்து டுவேன் எழுந்து வந்து, கைக்கடிகாரத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு, ஆர்லன். அவசரமே இல்ல."

ஆர்லன் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஜூலை நாலு மத்தியானம் நான் கழுத்து வரைக்கும் வெந்நீரில் இருந்தபோது போன் அடித்தது.

"பல்லு எப்படி இருக்கு?" என்றார் ஆர்லன்.

"நல்லா இருக்கு. கூட்டமா?"

"நூத்திமுப்பது பேர். கொலீன், நான் யோசிச்சுப் பார்த்தேன். நீ வந்து இங்கயே இருக்கலாம். சட்டை போட வேண்டாம். கையெழுத்து வேண்டாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பத்தொன்பதுக்கு முந்தி வந்தா நீயே எனக்கு ரெண்டாவது நோட்டீஸ் எழுதணுமே."

புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை மூடி வைக்கிற சத்தமும் கேட்டது.

"ஆர்லன்? இருக்கியா?"

"இருக்கேன்" என்றார். "ஏழாம் நம்பர் கழிவறைல யாரோ உள்ள உட்கார்ந்துக்கிட்டு பேப்பர் இல்லன்னு கதவைத் தட்டறாங்க. வைக்கறேன்."