மூன்று ரசிகர்களும் நானே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீயும் என் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, நலமாக இல்லாத நான் எழுதுவது.

என் மகள் வேலை நேரம் போக, சலவை இயந்திரம், லிஃப்ட் கதவு, பழைய பிரிண்டர் எல்லாம் போடும் சத்தத்தை வாயாலேயே செய்து வீடியோ போடுகிறாள் அல்லவா? ரசிகர்கள் விரும்பிப் பணம் அனுப்ப மூன்று இணையதளங்கள் இருக்கின்றன, எதில் சேரலாம் என்று கேட்டாள். எடைக்கல் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா? வாடிக்கையாளன் மாதிரிக் கடைக்குள் நுழைந்து சோதிப்பதுதான் எங்கள் வழக்கம். மூன்றிலும் அவளைச் சேரச் சொல்லிவிட்டு, மூன்றிலும் வெவ்வேறு பெயரில் நானே ரசிகனாகப் புகுந்தேன். முதல் தளம் தரகு என்று பாதியை விழுங்குகிறது. இரண்டாவதில் ஒருமுறை கொடுத்தால் மாதாமாதம் தானாக உருவிக்கொள்கிறது. நிறுத்தும் பொத்தானைத் தேடித் தேடிக் கண் வலி வந்ததுதான் மிச்சம். மூன்றாவதுதான் தங்கம். பணம் போய்ச் சேர்ந்ததும் அவள் குரலிலேயே நன்றி வருகிறது. "நீங்க ஒருத்தர் கேக்குறீங்கன்னாலே எனக்குப் போதும்" என்று சொல்லி, கடைசியில் தராசுத் தட்டு டங்கென்று இறங்கும் சத்தம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வினை அங்கேதான் வந்தது. நேற்று சாப்பிடும்போது, "மூணு தளத்துலயும் எனக்கு உயிரான ரசிகருங்க இருக்காங்கப்பா. சனிக்கிழமை மூணு பேர்கிட்டயும் வீடியோவுல பேசிட்டு, திங்கக்கிழமை வேலையை விட்டுடறேன்" என்கிறாள். என் மனைவியோ, "அந்த மூணு புண்ணியவான்களும் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்துகிறாள். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் வேலை போய்விடும். ஆகவே நீ ஒரு ரசிகனாக வந்து, வேலையை விடாதே என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொரு ரசிகனாக நான் மாடியறையிலிருந்து ஒட்டுமீசையோடு பேசுவேன். மூன்றாமவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்.

தங்கைக்கு ஆசி, பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு ஒரு மீசை, இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கலங்கிப்போன உன் மச்சான்

பின்குறிப்பு: வராதே. மீசையை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் மகள் தெரிந்தாள். "மூணு ரசிகருக்கும் ஒரே போன் நம்பர்ப்பா. முதல் நாளே தெரியும். வேலையை விடறேன்னு சொன்னாலாவது வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க மீசை வாங்கப் போயிட்டீங்க" என்று சிரித்துவிட்டு, எப்போதும் போல வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: முதல் நாளே தெரியும் என்றால், அந்த நன்றியும் தராசுச் சத்தமும் எனக்கென்றே செய்தவை. மீசையைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடு. மூன்றாவது தளத்தில் மட்டும் அந்த ரசிகன் இருப்பான்.