பொன்னுரங்கத்தின் பதினாலு உருப்படி

கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை மூன்றாவது தடவை படித்தபோது பொன்னுரங்கத்துக்குப் பொங்கல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

'இல்லாதவர்களுக்கு என்று போன வாரம் நீங்கள் கொடுத்த துணிகள், ஞாயிறு காலை ஸ்ரீபெரும்புதூர் வீடற்றோர் காப்பகத்தில் வழங்கப்படும். அவரவர் பையை அவரவரே பிரித்து, தங்கள் கையால் கொடுக்க வேண்டும். போட்டோ எடுக்கப்படும்.'

கொடுப்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை. பிரிப்பதில்தான் இருந்தது. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் அவர் மனைவி பூர்ணிமாவுக்கும் மட்டும்தான் தெரியும். மண்ணூர் வீட்டில் மூட்டை கட்டும்போதே அவள் கேட்டாள்.

"இன்னாங்க இது? நான் கரித்துணிக்குன்னு ஒதுக்கி வெச்சத எடுத்துக்கினு போறீங்க?"

"கம்பெனியில எந்த லைன் அதிக உருப்படி குடுக்குதோ அது பேரு போர்டுல வரும். எண்ணிக்கைதான் முக்கியம். கட்டு."

"யாராவது போட முடியுமா இத்த?"

"இல்லாதவங்களுக்கு எது குடுத்தாலும் பெருசுதான்" என்று சொல்லி, பதினாலு உருப்படியையும் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

இத்தனைக்கும் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் பொன்னுரங்கம் பதினெட்டு வருஷமாக இன்ஸ்பெக்டர். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் அதன்மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, 'ரிஜெக்ட்' என்று ஓரம் தள்ளிவிடுவார். பழக்க தோஷம், வீட்டிலும் அதே வேலைதான். மிக்ஸி மூடி, பாத்ரூம் தாழ்ப்பாள், எங்கே பழுது கண்டாலும் அங்கே ஓர் அம்பு இருக்கும். பூர்ணிமாவின் தோசையில் ஸ்டிக்கர் ஒட்டாது என்பதால் அது மட்டும் தப்பித்துவந்தது.

பொன்னுரங்கம் பார்த்தால் சரியாக இருக்கும் என்ற பேர்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து. ஞாயிற்றுக்கிழமை அது கந்தலாகப் போகிறது.

நேரே எச்.ஆர். ஷெர்லினிடம் போனார்.

"மேடம், என் பைய ஒரு நிமிஷம் குடுங்களேன். ஒரு சட்டைக்கு இஸ்திரி சரியா போடல. மனசு உறுத்திக்கினே கீது."

ஷெர்லின் நெகிழ்ந்துபோனாள். "எல்லா பையும் வாய் தைச்சு, டேக் போட்டு ஸ்டோர்ல வெச்சாச்சு சார். வெளிய எடுக்க முடியாது. ஆனா இத நான் சும்மா விடமாட்டேன்."

விடவும் இல்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து, "இஸ்திரி போடலன்னு வருத்தப்பட்ட ஒரே ஆளு நம்ம பொன்னுரங்கம் சார். அதனால முதல் பை அவரோடதுதான்" என்று அறிவித்துவிட்டாள். கைதட்டலில் பொன்னுரங்கம் கும்பிட்டார். வேறு என்ன செய்வது?

ஏதோ அளவுகோல் எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஸ்டோருக்குள் நுழைந்தார். பைகளின் வாயெல்லாம் மெஷின் தையல். பிரித்தால் தெரிந்துவிடும். ஆனால் பேரும் உருப்படிக் கணக்கும் எழுதிய டேக் மட்டும் வெறும் நூலில் தொங்கியது. ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்தார். பதினெட்டு வருஷக் கை. ஒரு சின்னப் பைக்குள் மடிப்புக் கலையாத துணி இருப்பதை அந்தக் கை உடனே சொல்லிவிட்டது.

டேக்கைப் பார்த்தார். 'பிச்சையா, ஹவுஸ் கீப்பிங்.'

லைனில் எண்ணெய் சிந்தினால் ஓடிவந்து துடைக்கிற கான்ட்ராக்ட் ஆள். வயதில் பெரியவர். கை கொஞ்சம் தயங்கியது. 'அவர் பையை யார் மதித்துப் பிரிக்கப்போகிறார்கள்' என்று மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டு டேக்கையும் மாற்றிக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் காப்பக வாசலில் நின்றபோது, முற்றத்தில் பிச்சையா நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். காப்பகத்தில் சமையல் செய்யும் ராஜம்மா மறுமுனையைப் பிடித்திருந்தாள். லீவு நாளிலும் வேலை இந்த மனிதரை விடவில்லை பார் என்று நினைத்துக்கொண்டார் பொன்னுரங்கம். பிச்சையாவின் முகத்தைப் பார்க்காமல் முன்வரிசைக்குப் போனார்.

முதல் பை பிரிந்தது. இரண்டு சட்டை, ஒரு வேட்டி. புதுசு மாதிரி இருந்தன.

"டேக்ல பதினாலுன்னு போட்டிருக்கே சார்?" என்றாள் ஷெர்லின்.

"சுமாரா இருந்த பதினொண்ண நானே கழிச்சிட்டேன் மேடம். குடுக்கறது தரமா இருக்கணும் இல்லியா?"

மறுபடி கைதட்டல். அந்தச் சட்டையை ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டு வாழ்த்தினார். பொன்னுரங்கத்துக்கு அந்த வாழ்த்து கழுத்தில் அரித்தது.

அதோடு முடிந்திருந்தால் தேவலை.

"ஹவுஸ் கீப்பிங்ல ஒருத்தர்தான் குடுத்திருக்காரு. அவர மறக்கக் கூடாது" என்று ஷெர்லின் அந்தப் பையைத் தானே பிரித்தாள்.

முட்டி இல்லாத பேன்ட் வந்தது. காலர் இல்லாத சட்டை வந்தது. பனியனை அவள் விரித்துப் பிடித்தபோது அதன் வழியாக வாசலில் நின்ற பஸ் தெரிந்தது. எல்லாவற்றையும்விட மோசம், ஒவ்வொரு கிழிசலுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு அம்பு. பூர்ணிமா தைக்கட்டும் என்று பொன்னுரங்கம் ஒவ்வொரு வாரமும் ஒட்டி வைத்தவை.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் பொன்னுரங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது உங்க ஸ்டிக்கர் மாதிரி கீதே சார்?" என்றான் பக்கத்தில் நின்ற லைன் ஆள் ஒருவன்.

உண்மையைச் சொல்ல நல்ல தருணம் அது. வாய் திறந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"ஆமா. பை தைக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன். ரிஜெக்ட் போட்டேன். எப்படியோ உள்ள வந்துடிச்சு."

"பாருங்க, இதுலகூட செக்கிங்" என்று வியந்த ஷெர்லின், பிச்சையாவிடம் திரும்பினாள். "ஏன் பிச்சையா, இல்லாதவங்கன்னா கிழிஞ்சத குடுக்கலாமா? அவங்களும் மனுஷங்கதான?"

பிச்சையா பொன்னுரங்கத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் தலை குனிந்துகொண்டார்.

"தப்புதான் மேடம்."

பொன்னுரங்கத்துக்குக் காது இரண்டும் எரிந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பழுதைக் கண்டுபிடித்திருக்கிறார். இவ்வளவு பெரிய பழுதைக் கண்டதில்லை. குரூப் போட்டோவில் அவரை நடுவில் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். பொன்னுரங்கம் பஸ் முழுக்கத் தேடினார். பிச்சையா இல்லை. இதை இன்றைக்கே பேசித் தீர்க்காவிட்டால் நாளைக்கு அந்த மனிதர் எண்ணெய் துடைக்கிற இடத்தைத் தாண்டிப் போகமுடியாது. காலில் விழுந்தாலும் பரவாயில்லை என்று இறங்கி உள்ளே ஓடினார்.

காப்பகத்தின் பின்பக்கம் ராஜம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பிச்சையாண்ணன் எங்க? பஸ் கெளம்புது. என் பக்கத்துலயே குந்த வெச்சி இட்டுனு போறேன். அவராண்ட ஒண்ணு சொல்லணும்."

ராஜம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு எதுக்கு சார் பஸ் ஏறணும்? நாலு வருசமா இங்கதான் தங்கிக்கினு கீறாரு. தீபாளிக்கு நாங்க குடுத்த துணியக்கூட போடாம வெச்சிருந்து, கம்பெனியில யாரோ இல்லாதவங்களுக்குன்னு கேக்கறாங்கன்னு எடுத்துக்கினு போனாரு."