ஹெல்மெட்டுக்குள் முயல் காது

ஒரு காட்டில் முதலில் ரோடு வந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்குப் பிறகுதான், தங்களுக்கு எங்கெங்கோ அவசரமாகப் போகவேண்டிய வேலைகள் இருப்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியவந்தது.

அந்தக் காட்டில் பூங்காவனம் என்றொரு முயல் இருந்தாள். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கரடி கடைத் தேன், குரங்குத் தோட்டத்து வாழைத்தார், மயில் வீட்டுக்கு மாதம் ஒரு கண்ணாடி என்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்கிற வரை வண்டியில்தான். வண்டியை ஒரு முள்ளம்பன்றியிடம் பழையதாக வாங்கியிருந்தாள். எஞ்சின் நல்ல எஞ்சின். சீட்டு மட்டும் சல்லடை.

முயலுக்குக் காதுதான் உயிர். மற்றவர்களுக்குக் கொம்பு, பல், நகம் என்று வகைவகையாகக் கொடுத்த கடவுள், முயலின் முறை வந்தபோது கையில் மிச்சமிருந்ததையெல்லாம் காதிலேயே போட்டு நீட்டிவிட்டார். அதிலும் பூங்காவனத்தின் காது முயல்களுக்குள்ளேயே பேர்போனது. நாலு மரத்துக்கு அப்பால் ஒரு எறும்பு தும்மினால், "ஆயுசு நூறு" என்று இங்கிருந்தே வாழ்த்துவாள்.

அப்படிப்பட்ட காது இரண்டையும் மடித்து ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். ஏழாம் மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவள், சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏனுங்க, பொந்துக்குள்ள வண்டு ஏதாச்சும் பூந்துருச்சுங்களா? ஙொய்னு கத்துதே."

"எனக்கொண்ணும் கேக்கலியே புள்ள" என்றான் அவள் கணவன் செங்கோடன். நல்லவன். பெண்டாட்டி சொன்னாளே என்று இரண்டு நாள் பொந்தைத் தலைகீழாகப் புரட்டித் தேடினான். வண்டு இல்லை. ஆனால் ஙொய் நிற்கவில்லை. அது அவள் காதுக்குள்ளேதான் இருந்தது.

அப்புறம் அவளுக்குப் பேச்சும் சரியாக விழாமல் போயிற்று. எது சொன்னாலும் "ஆங்?" என்றாள். முதல் வாரம் செங்கோடனுக்கு அது ஒரு விதத்தில் சுகமாகக்கூட இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாய்க்குள் முணுமுணுத்த ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை. இப்போது அவன் தாராளமாக முணுமுணுத்தான்.

அந்தச் சுகம் அடுத்த வாரம் ஒரே நாளில் முடிந்தது. வாசலுக்கு வெளியே பூங்காவனம் புல் மேய்ந்துகொண்டிருந்தாள். செங்கோடன் பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டி, "செந்நாய்! செந்நாய்!" என்று கத்தினான்.

"தேங்காயா? ஏதுங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு மேய்ந்தாள்.

அவன் பாய்ந்து போய்க் காதைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். வாசலில் நாலு செந்நாய்கள் மண்ணைப் பறாண்டிவிட்டுப் போயின. உள்ளே ஏழு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் மூச்சு வாங்கினார்கள். அதற்குப் பிறகு செங்கோடன் முணுமுணுக்கவே இல்லை.

மறுநாள் அவள் காது டாக்டரிடம் போனாள். டாக்டர் குமுதவல்லி ஒரு வௌவால். குகைக்குள் தலைகீழாகத் தொங்கியபடிதான் பார்ப்பார். நோயாளிகள்தான் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

"தினம் எத்தனை மணி நேரம் ஓட்டறீங்க?"

"எட்டு மணி நேரமுங். ஆனா வண்டிச் சத்தம் பூனைக்குட்டி மாதிரிதானுங் இருக்கும்."

"வண்டி இல்லம்மா. காத்து. வேகமாப் போறப்ப ஹெல்மெட்டைச் சுத்தி அடிக்குதே, அந்த இரைச்சல். காதுக்குப் பக்கத்துல ஒருத்தர் நாள் பூரா மேளம் அடிச்சா உட்கார்ந்து கேப்பீங்களா? மேளக்காரராவது நடுவுல சாப்பிடப் போவார்."

"ஹெல்மெட்டுதான் போட்டிருக்கறனுங்களே?"

"அது மண்டைக்கு. காதுக்கு இல்ல."

பூங்காவனம் இரண்டு காதையும் கையால் பிடித்துக்கொண்டாள். "போன காது திரும்பி வருமுங்களா?"

"வராது. நல்லவேளை, உங்களுக்கு இன்னும் முழுசாப் போகல. போகப்போறேன்னு சொல்லிட்டிருக்கு. அந்த ஙொய் அதுதான்." டாக்டர் இறக்கைக்குள்ளிருந்து இரண்டு சின்ன உருண்டைகளை எடுத்தார். தேன்மெழுகும் பஞ்சும் சேர்த்துப் பிசைந்தவை. "இது காதடைப்பு. வண்டியை எடுக்கறப்பப் போடுங்க, எறங்கினதும் எடுத்துருங்க."

"இதைப் போட்டா ஹார்ன் கேக்காதுங்களே?"

"காத்து இரைச்சல் அடங்கினா ஹார்ன் இன்னும் நல்லாக் கேக்கும். போட்டுப் பாருங்க."

அவள் நம்பாமல்தான் போட்டாள். வண்டி வேகம் பிடித்தது. எப்போதும் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்ததுபோல் இருக்கும். இன்றைக்கு அந்த அருவியை யாரோ பக்கத்துக் காட்டுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். பின்னால் வந்த காட்டெருமையின் லாரி ஹார்ன் அடித்தது, தெளிவாகக் கேட்டது. சாயங்காலம் தலைவலி இல்லை. பத்து நாளில் ஙொய்யும் மெல்ல மெல்ல அடங்கியது. பழையபடி எறும்புகளை வாழ்த்தத் தொடங்கினாள்.

பதினோராம் நாள், புளியமரத்து முக்கில் நரி ஏட்டு வரதராசு கையைக் காட்டி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாக அதே முக்கில், அத்தனை ஹார்ன்களுக்கும் நடுவில் நிற்கிறவர்.

"ஏம்மா, காதுல என்ன?"

"மெழுகுங்க சார்."

"ஒழுகுதா? ஒழுகினா டாக்டர்கிட்டப் போ. வண்டியில எதுக்கு வந்தே?"

"ஒழுகலைங்க சார். மெழுகு! டாக்டர் குடுத்தது!"

"கத்தாதம்மா. காது நல்லாத்தான் கேக்குது எனக்கு." எட்டிப் பார்த்து ஒரு உருண்டையை வெளியே எடுத்தார். "காதை அடைச்சுக்கிட்டு வண்டி ஓட்டறியா? பின்னால வர்றவன் ஹார்ன் அடிச்சா உனக்கு எப்படிக் கேக்கும்?"

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு காட்டுப்பன்றி ஜீப்பில் உட்கார்ந்து ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தது. வழி மறித்து நின்றவர் ஏட்டுதான். அவர் திரும்பவே இல்லை.

"சார், பின்னாடி வண்டிங்க" என்றாள் பூங்காவனம்.

"ஆமா, உன் வண்டியும் நிக்கட்டும்" என்று லைசென்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

லைசென்ஸைத் திருப்பி வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள். ஆர்.டி.ஓ. ஒரு யானை. மேஜையில் காகிதம் பறக்கும் என்பதால் காதை ஆட்டாமல் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்.

"வண்டி ஓட்டறப்பக் காதுல எதுவும் இருக்கக் கூடாதும்மா. அதான் சட்டம்."

"இல்லாட்டிக் காது கெட்டுப்போகுதுங்களேய்யா."

"கெட்டுப்போகட்டும். அதுக்குச் சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல."

"கெட்டுப்போன அப்புறமுங்?"

"அப்புறம் பதினேழாம் விதி இருக்கு. காது கேளாதோர் காதுல எது வேணும்னாலும் வெச்சுக்கலாம். கருவி, பஞ்சு, மெழுகு, எதுவா இருந்தாலும் சரி. நாங்க அட்டை குடுத்துருவோம்."

பூங்காவனம் அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்படின்னா, காது போகாம இருக்க மெழுகு வெக்கணும்னா, மொதல்ல காது போயிருக்கணுமுங்களா?"

யானை பூரித்துப் போனார். "இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிஞ்சுக்கிட்டதே இல்லம்மா!"

வீட்டில் செங்கோடன், "வண்டி வேலையே வேண்டாம் புள்ள. இருக்கிற புல்லைத் தின்னுட்டு இருக்கலாம்" என்றான்.

அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுங்களா? முயலாப் பொறந்து இத்தனை வருஷம் ஓடியிருக்கறேன். எல்லாமே எவனோ தொரத்தறான்னு ஓடினது. வண்டியில போறப்பத்தானுங்க, ஒருத்தனும் தொரத்தாம ஓடறேன்."

மறுநாள் செங்கோடனே வரிசையில் நின்று, காது கேளாதோர் அட்டைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தான். மூன்று நகல். போட்டோவில் முகம் முழுதாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது. காது முழுதாகத் தெரிய வேண்டும் என்று வேறிடத்தில் இருந்தது. இரண்டும் ஒரே போட்டோவில் அடங்கவில்லை. கடைசியில் காதை ஒரு போட்டோவிலும் முகத்தை ஒரு போட்டோவிலும் எடுத்து ஒட்டினார்கள். யாரும் கேட்கவில்லை.

காதுப் பரிசோதனை நாளன்று அவளுக்கு முன்னால் பன்னிரண்டு பேர். இலவச பஸ் பாஸ் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் அதில் பாதிக்கு மேல். பரிசோதனை செய்பவர் ஒரு கிழட்டு எருமை. கனமான கதவு, அதைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

பூங்காவனத்துக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

முதலில் போன குரங்கு, மணியடித்தும் அசையவில்லை, தமுக்கடித்தும் அசையவில்லை. எருமை காகிதங்களை அடுக்கிக்கொண்டே மெல்லிய குரலில், "சரி, முடிஞ்சுது, நீங்க போலாம்" என்றது. நாற்காலி நகர்ந்தது. "எங்கய்யா எந்திரிச்சே? காதுதான் கேக்காதே!" என்று எருமை சிரித்தது. குரங்கு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அடுத்து ஆடு. அதுவும் எழுந்தது. அடுத்து கீரி, எழுந்ததோடு நிற்காமல் "ரொம்ப நன்றிங்க" என்றும் சொல்லிவிட்டது.

அவள் முறை வந்தது. மணியைத் தாங்கினாள். தமுக்கைத் தாங்கினாள். எருமை பின்னால் வந்து நின்று, மூச்சுவிடுகிற மாதிரி, "இளசான அருகம்புல்" என்றது.

மனசு கட்டுப்பட்டது. காது கட்டுப்படவில்லை. இடது காதின் நுனி லேசாகத் திரும்பியது. எருமையின் கண் சுருங்கியது. பூங்காவனம் பதறாமல் பின்னங்காலைத் தூக்கி அந்தக் காதை வறட்வறட்டென்று சொறிந்தாள். "உண்ணிங்க" என்றாள் பொதுவாக, சுவரைப் பார்த்து.

எருமை தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தது. காகிதங்களை அடுக்கியது. "சரி, முடிஞ்சுது, நீங்க போலாம்."

அவள் புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். எருமை இன்னொரு முறை சொன்னது. உட்கார்ந்திருந்தாள். எருமை சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்துத் தின்றது, அசை போட்டது, கொஞ்சம் கண்ணயர்ந்தது. விழித்துப் பார்த்தால் முயல் அதே புன்னகையோடு எதிரே இருந்தது. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு அசல் கேஸை அது பார்த்ததில்லை. சிலேட்டை எடுத்து 'போகலாம்' என்று எழுதிக் காட்டியது. எழுதும்போதே கண் கலங்கிவிட்டது.

அட்டை கிடைத்தது, கூடவே லைசென்ஸும் திரும்பக் கிடைத்தது. புளியமரத்து முக்கில் ஏட்டு வரதராசு அட்டையை வாங்கி மேலும் கீழும் படித்தார். "பாவம்மா நீ. முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி அவளுக்கு வழிவிட்டார். பூங்காவனம் மெழுகு உருண்டைகளைச் சட்டப்படி காதில் வைத்துக்கொண்டு பறந்தாள்.

ஆனால் அந்த ஆபீசில், அட்டை வாங்கியவர்களின் பட்டியலை வெளியே நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற வழக்கம் இருந்தது. பூங்காவனம், முயல், காது முற்றிலும் கேளாது, மூன்றாம் பொந்து, இலவமரத்தடி. அதை ஒரு சிறுத்தை நின்று நிதானமாகப் படித்தது.

பிறந்ததிலிருந்து மெத்து மெத்தென்று கால் வைத்தே நடந்து அலுத்துப்போன சிறுத்தை அது. கேட்காத முயலிடம் என்ன பதுங்கல் வேண்டியிருக்கிறது? அன்று சாயங்காலம் சருகுகளை நொறுக்கிக்கொண்டு, வழியில் கிடந்த டப்பாவை உதைத்துக்கொண்டு, மசாலா என்ன போடலாம் என்று தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொண்டு இலவமரத்துக்கு வந்தது. டப்பா உருண்டபோதே பூங்காவனம் பிள்ளைகளை எண்ணி முடித்துவிட்டாள். மசாலா வந்தபோது ஒன்பது பேரும் பின்வாசல் வழியாக ஆற்றைத் தாண்டியிருந்தார்கள்.

மறுநாள் சிறுத்தை கோபத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குள் நுழைந்தது. "அந்த முயலுக்குக் காது கேக்குது! என் காலடிச் சத்தம் கேட்டுக் குடும்பத்தோட ஓடிட்டா!"

யானை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அவங்களுக்குக் கேக்காதுங்களே."

"நான் நேர்ல பாத்தேன்கறேன்!"

"நீங்க பாத்திருக்கலாம். ஆனா கேக்காதுன்னு நாங்க எழுதியாச்சு. வேற காரணத்துக்கு ஓடியிருப்பாங்க. உடற்பயிற்சியா இருக்கும்." யானை தும்பிக்கையால் ஒரு பக்கம் சுட்டினார். "ஆட்சேபம் இருந்தா ஒன்பதாம் படிவம், மூணு நகல். வரிசை அங்கே."

வரிசையில் சிறுத்தைக்கு முன்னால் நாற்பது பேர். எல்லாருக்கும் முன்னால் ஒரு ஆமை.

வெளியே ரோட்டில் போய்க்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு, மெழுகையும் மீறி, சிறுத்தையின் வயிறு கடமுடவென்று உருளுவது கேட்டது. மரியாதைக்கு ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனாள்.

நீதி: காது கடைசிவரை நன்றாகக் கேட்க வேண்டுமானால், அது கேட்காது என்று முதலில் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அட்டெஸ்ட் செய்த நகல் இரண்டு கைவசம் இருப்பது உத்தமம்.